என் நித்திரைக்கு ஒரே சாட்சி

மாசி 5, புதன்

பனி. வேலிப் பூவரசு தெரியவில்லை. ஏழு மணிக்கு விழிப்பு. ஒன்பது மணித்தியாலம் படுக்கை. எழும்பினால் ஒன்பது மணித்தியாலம் மூட்டை சுமந்த களை. வாய் காய்ந்து ஓலைப்பெட்டி. தலைக்குள் யாரோ மா இடிக்கிறார்கள்.

இன்று:
- சயிக்கிள் பதிவேட்டைக் கிராமச் சபைக் கந்தோருக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். (வீட்டுக்கு ஏன் கொண்டுவந்தேன்? தெரியாது.)
- பெரியதம்பி அண்ணை வீடு. கல்வெட்டு விஷயம்.
- பூ.வுக்குக் கடிதம். வேண்டாம். அவள் முதலில் எழுதட்டும்.

பூ. என்றால் பூமணி. என் மனைவி. என் நாட்குறிப்பில் எனக்கே விளக்கம். இப்போதைய நிலையில் இதுவும் தேவைதான். ஆவணியில் வல்வெட்டித்துறைக்குப் போனவள். மகள் சரோவுக்குத் தலைப்பிள்ளை. தலைப்பிள்ளைக்கு மகள் தாய் வீட்டுக்கு வருவது ஊர் வழக்கம். எங்கள் வீட்டில் தாய் மகள் வீட்டுக்குப் போனாள். கேட்டவர்களுக்கு, "அங்கை ஆஸ்பத்திரி கிட்ட" என்றாள். இங்கேயும்தான் மானிப்பாய் ஆஸ்பத்திரி ஒன்றரை மைல். பேத்திக்கு இப்போது ஐந்து மாதம், குப்புறப் புரள்கிறதாம். பூ. இன்னும் "வாற மாதம்" என்றே எழுதுகிறாள். அவளுடைய பஞ்சாங்கத்தில் அந்த மாதம் பிறக்கவே இல்லை.

ஊர் சொல்லும் காரணம் என் குறட்டை. நானும் அதைத்தான் சொல்லிச் சிரிக்கிறேன். "என்ரை குறட்டையைக் கேட்டுப் பலாலியிலை பிளேன் இறங்கிற்றுதெண்டு ஆக்கள் பெட்டியோடை ஓடுறவை." நேற்றும் சந்தியில் இதைச் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் யாரும் இல்லை.

மாசி 6, வியாழன்

பனி குறைவு. கந்தோரில் மானக்கேடு.

நான் கிராமச் சபைக் கிளாக்கர். சயிக்கிளுக்கும் நாய்க்கும் லைசென்சு எழுதுவது நானே. போன கிழமை சயிக்கிளுக்கு லைசென்சு எடுத்தவர் இன்று கடுதாசியோடு திரும்பி வந்தார். அதில் என் அழகான கையெழுத்து: "கபில நிறம். ஆண். வால் வெட்டியது. கடிக்காது." நாய்ப் பதிவேட்டைத் திறந்தேன். சந்தியடி வைரவிப்பிள்ளையின் நாய்: "இருபத்தாறு அங்குலச் சில்லு. மணி உண்டு. பின்விளக்கு இல்லை."

பியோன் செல்லத்துரை மிகவும் மரியாதையாகக் கேட்டான்: "ஐயா, பின்விளக்கில்லாட்டி நாயைப் பொலிசு பிடிக்குமோ?"

"நான் நித்திரையாய் இருந்தனானோ எழுதேக்கை?"

"இல்லை ஐயா. கண் திறந்துதான் இருந்தது. ஆள்தான் உள்ளுக்கை இல்லை."

சிரித்தேன். பிறகு இரண்டு பதிவேட்டையும் முதல் பக்கத்திலிருந்து பார்க்கத் தொடங்கினேன்.

பின்னேரம் பெரியதம்பி அண்ணை வீடு. மனைவி தங்கம்மா தையில் மோசம் போனா. முப்பத்தோராம் நாள் வருகிறது. கல்வெட்டு நான்தான் பாடவேண்டும். செத்தவரின் சரித்திரம், பிள்ளைகள் புலம்பல், மனைவி அல்லது கணவர் புலம்பல் எல்லாம் பாட்டாகச் சிறு புத்தகம் போட்டு, அன்று சபையில் இராகத்தோடு வாசித்து, வந்தவர் கையில் ஒவ்வொன்று கொடுத்து அனுப்புவது எங்கள் வழக்கம். நாலு ஊருக்கும் நான்தான் பாட்டுக்காரன். பகிடி எழுதப் பிறந்தவனை ஊர் ஒப்பாரி எழுத வைத்திருக்கிறது.

பெரியதம்பி அண்ணை வாய் திறவாத மனிதர். இன்று ஒரு மணித்தியாலம் தங்கம்மாவைப் பற்றியே கதைத்தார். கலியாணம் முடித்த நாளிலிருந்து. நான் "ஓம் அண்ணை, ஓம் அண்ணை" என்று கொப்பியில் எழுதினேன்.

வீட்டுக்கு வந்து கொப்பியை விரித்தேன். "தங்கம்மா" என்று ஒரு சொல். அதிலிருந்து ஒரு கோடு, நத்தை ஊர்ந்த மாதிரிப் பக்கத்தின் அடிவரை. வேறு ஒன்றும் இல்லை. தலைக்குள்ளும் இல்லை.

அவரிடம் எந்த முகத்தோடு திரும்பக் கேட்பது?

மாசி 8, சனி. போயா.

போயா என்பது கந்தோர்க் கதவைத் தட்டிய பிறகுதான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமையைப் பறித்துவிட்டுச் சந்திரனைப் பார்த்து விடுமுறை கொடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து எனக்குக் கிழமை குழம்பிவிட்டது. முன்பெல்லாம் பூ. வேலிப் படலையில் நின்று, "இஞ்சேருங்கோ, இண்டைக்குப் போயா, எங்கை வெளிக்கிடுறியள்?" என்பாள். இன்று படலை ஒன்றும் சொல்லவில்லை.

சனி முழுக்கு. தலைக்கு எண்ணெய் வைத்தேன். பிறகு சங்கக்கடைக்குப் போனேன். இடையில் குளிக்கவேண்டும் என்பது கடைக்காரர் சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. எண்ணெய் நாடியால் ஒழுகுகிறது. பின்னால் நின்ற பெண்கள்: "பாவம், மனிசி இல்லாத வீடு." மற்றவள்: "மனிசி இருக்கேக்கையும் உவர் உப்பிடித்தான்."

முதுகில் எனக்கு எட்டாத இடம் ஒன்று உண்டு. உள்ளங்கையளவு. ஆவணியிலிருந்து அங்கே எண்ணெய் படவில்லை.

மாசி 10, திங்கள்

மானிப்பாய் ஆஸ்பத்திரி. சயிக்கிளில் போனேன். நோயாளர் வாங்கிலில் இருந்தபடியே நித்திரை. பெயரை மூன்று தரம் கூப்பிட்டார்களாம். டாக்குத்தர் இளம் ஆள். மூக்கில் கண்ணாடி, முகத்தில் சிரிப்பு.

"இரவிலை எத்தினை மணித்தியாலம் படுக்கிறியள்?"

"ஒன்பது."

"பிறகென்ன?"

"அதுதான் டாக்குத்தர். நித்திரை கணக்க இருக்கு. சுகம் இல்லை."

என் கழுத்தைப் பார்த்தார். கழுத்து இருக்கவேண்டிய இடத்தைப் பார்த்தார் என்பது சரி. தொண்டைக்குள் விளக்கடித்தார்.

"குறட்டை?"

"ஊருக்கே தெரியும்."

"குறட்டைக்கு நடுவிலை என்ன நடக்குது?"

"எனக்கெப்பிடித் தெரியும்? நான் நித்திரையெல்லே!"

சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "படுக்கிறது வேறை, நித்திரை கிடைக்கிறது வேறை. சில பேருக்கு இரவு முழுக்க நித்திரை துண்டு துண்டாய் முறியும். முறியிறது அவைக்கே தெரியாது. கிடைக்காததை மூளை பகலிலை களவெடுக்கும். அரை நிமிசம், ஒரு நிமிசம். கண் திறந்திருக்கும், கை எழுதும், வாய் ஓம் எண்டும். கவனம் மட்டும் இராது. பக்கத்திலை படுக்கிற ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. உங்கடை நித்திரைக்கு அவதான் சாட்சி."

"அவ வல்வெட்டித்துறையிலை."

"எப்ப வருவா?"

பகிடி ஒன்றும் வரவில்லை. டாக்குத்தர் கட்டளை: ஒருச்சாய்த்துப் படுக்கவேண்டும், உடம்பைக் குறைக்கவேண்டும், பின்னேரக் கள்ளை விடவேண்டும், சயிக்கிள் ஓடக்கூடாது. சயிக்கிளை உருட்டிக்கொண்டு ஒன்றரை மைல் நடந்தேன். கண்டவன் எல்லாம் "காத்துப் போட்டுதோ?" என்று கேட்டான். ஓம், காற்றுத்தான் போய்விட்டது.

மாசி 12, புதன்

பூ.வுக்குக் கடிதம் எழுதினேன். கந்தோர்ப் பாணியில், இலக்கம் போட்டு.

1. நான் இரவில் எவ்வாறு நித்திரை கொள்கிறேன்?
2. குறட்டைக்கு இடையில் ஏதும் நிகழ்வதுண்டா?
3. நீர் எப்போது வருவீர்?

மூன்றாவதை வெட்டினேன். வெட்டினால் மற்ற இரண்டும் பொய் மாதிரித் தெரிந்தது. மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டேன். உண்மை என்னவென்றால் பயம். குறட்டைதான் காரணம் என்று அவளே எழுதிவிட்டால் பிறகு காத்திருக்க ஒன்றும் மிஞ்சாது. "வாற மாதம்" என்பது பொய்யானாலும் பொய்க்குள் ஒரு மாதம் இருக்கிறது.

மாசி 13, வியாழன்

இன்று பின்னேர பஸ்ஸில் செல்லத்துரை கையில் அச்சுக்கூடத்துக்குக் கல்வெட்டுப் போகவேண்டும். சரித்திரம் முடிந்தது. பிள்ளைகள் புலம்பல் முடிந்தது. கணவர் புலம்பல்தான் வரவில்லை. பெரியதம்பி அண்ணை சொன்ன ஒரு மணித்தியாலத்தில் ஒரு சொட்டாவது நினைவில் இருந்தால் அல்லவா?

பின்னேரம் நாலு மணிக்குப் பேனையோடு இருந்தேன். தங்கம்மா, தங்கம்மா என்று நினைத்தேன். வந்ததெல்லாம் வேறு முகம். ஐந்தரைக்குப் பார்க்கிறேன், நாலு வரி எழுதிக் கிடக்கிறது. என் கையெழுத்து. ஓசை பிசகவில்லை. செல்லத்துரை படலையில், "ஐயா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று நிற்கிறான். அப்படியே சுருட்டிக் கொடுத்தேன். தப்பினேன்.

மாசி 15, சனி

நேற்றுச் சிவராத்திரி. ஊர் முழுக்க விழித்திருந்தது. நான் முதலாம் சாமப் பூசை மணியோடு கோயில் தூணில் சாய்ந்தவன். என் குறட்டைக்குத் தேவாரம் பாடியவர்கள் சுருதி மாற்றினார்களாம். வேறு யாருக்கும் நித்திரை வரவில்லை. அந்தப் புண்ணியம் என் கணக்கில்.

மாசி 17, திங்கள்

அச்சுக்கூடத்திலிருந்து ஒப்புத்தாள் வந்தது. பதினாறு பக்கம். பார்த்துக் கையெழுத்து வைத்தேன். ஆறாம் பக்கம் நினைவு இருக்கிறது, எட்டாம் பக்கம் நினைவு இருக்கிறது.

மாசி 19, புதன்

எங்கே தொடங்குவது. முப்பத்தோராம் நாள். பெரியதம்பி அண்ணை வீடு. பந்தல் நிறையச் சனம். கிரியை முடிந்து சட்டம்பியார் கல்வெட்டு வாசிக்கத் தொடங்கினார். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். இராகத்தில் இறங்கினால் என்ன சொல் வாயால் போகிறது என்று பார்க்கமாட்டார். பெண்கள் பக்கத்தில் விம்மல். நான் பந்தல் காலோடு சாய்ந்திருந்தேன். இருந்தேன் என்று நினைக்கிறேன்.

"பூமணியே!" என்று யாரோ கூப்பிட்டார்கள். திடுக்கிட்டு விழித்தேன். வந்துவிட்டாளாக்கும் என்று படலையைப் பார்த்தேன். படலையில் யாரும் இல்லை. பந்தல் முழுக்க என்னைப் பார்க்கிறது. சட்டம்பியார் மட்டும் கண்ணை மூடி, அந்த வரிகளை உருக்கமாக இரண்டாம் தரம் எடுக்கிறார்:

இடக்காதின் கீழ்மச்சம் இனியெங்கே காண்பேன்யான்?
படுக்கையிலே என்மார்பில் பதித்தகை எங்கேயோ?
அடுக்களையில் உப்பின்றி ஆக்கியநற் கறியெங்கே?
அடுத்தவர்க்குச் சொல்லிநகை ஆடினனே பூமணியே!

தங்கம்மாவின் தங்கை எழும்பிவிட்டா. "என்ரை அக்காவுக்கு எங்கை மச்சம்? அக்காவின்ரை கறியிலை உப்பில்லையெண்டு ஆர் சொன்னது? எந்த நாய் சொன்னது?"

பின்னாலிருந்து ஒரு கிழவர்: "உது கிளாக்கற்றை மனிசியெல்லோ. உப்பில்லாக் கறி எண்டு சந்தி சந்தியாய்ச் சொன்னவர்."

"படுக்கையிலே எண்டும் கிடக்குது பாருங்கோ." இது வேறொருவர், கல்வெட்டைக் கிட்டப் பிடித்துக்கொண்டு.

அந்த நேரம் பார்த்துப் பிந்தி வந்த ஒரு மாமி, பெயரை மட்டும் கேட்டுவிட்டு, "ஐயோ, பூமணியும் போட்டாளோ!" என்று நெஞ்சில் அடித்து அழத் தொடங்கினா. இரண்டு பேர் கூடச் சேர்ந்தார்கள். உயிரோடு இருக்கிற என் மனைவிக்காக அழுகிறவர்களை நான் போய்ச் சமாதானப்படுத்தவேண்டி வந்தது.

பெரியதம்பி அண்ணை கல்வெட்டை இரண்டாக மடித்து மடிக்குள் வைத்தார். எழும்பிக் கிணற்றடிப் பக்கம் போனார்.

சாப்பிடாமல் வந்தேன்.

மாசி 20, வியாழன்

கந்தோருக்கு லீவு. பெரியதம்பி அண்ணையிடம் போனேன். காலில் விழவும் தயார். அவர் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, அந்தப் பக்கத்தைக் கிழிச்செடுத்துப்போட்டுப் புதிசு அடிச்சு ஒட்டுறன். என்ரை பிழை."

"பிழை எண்டு ஆருக்குத் தெரியாது?"

"நித்திரை வருத்தம் அண்ணை. டாக்குத்தரும் சொன்னவர்."

குழையை இறுக்கினார். "என்ரை மனிசிக்கு ஒரு பாட்டு இல்லாமல் போச்சுது, தம்பி. அவ்வளவுதான்."

"நீங்கள் அண்டைக்குச் சொன்னதை இன்னொருக்காச் சொல்லுங்கோ. நிண்டுகொண்டு கேக்கிறன். இருக்கமாட்டன்."

"அண்டைக்குச் சொன்னன். அது ஒருக்காத்தான் வரும்."

நின்றேன். ஆடு குழை தின்கிற சத்தம். கண் இருண்டது. தொடையைக் கிள்ளிக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவர் ஆட்டைப் பார்த்தபடி சொன்னார்: "இடியெண்டால் அவளுக்குப் பயம். என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டிருப்பாள்."

பிறகு வீட்டுக்குள் போய்விட்டார். அந்த ஒரு வசனத்தைச் சாலை நெடுக வாய்க்குள் சொல்லிக்கொண்டே நடந்தேன், எங்கேயும் விழுந்துவிடக்கூடாது என்று.

மாசி 21, வெள்ளி

காலை ஆறு மணி. நின்றபடி, யன்னல் தட்டில் கொப்பியை வைத்து எழுதினேன். இரண்டே வரி.

இடிவிழுந்தால் என்கையை இறுகவே பற்றுவாய்;
விடியுமட்டும் மழைபெய்தால் வெறுங்கையை என்செய்வேன்?

உரத்து வாசித்தேன். தங்கம்மாதான். வேறு யாரும் உள்ளே வரவில்லை. பெரியதம்பி அண்ணையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசித்தார். மடித்து முன்னைய கல்வெட்டோடு சேர்த்து மடிக்குள் வைத்தார். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றார். அவர் வீட்டில் தேத்தண்ணி போட இப்போது யார்? அவரே போட்டார். சீனி இல்லை. நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

மாசி 22, சனி

வீடு வீடாக நடந்து ஏழாம் பக்கத்தைக் கிழித்து வாங்கும் வேலை. விளைவு:

- மேற்கு ஒழுங்கை, ஆறு வீடு: "கல்வெட்டுக் காணேல்லை." ஆறு வீட்டிலும் இதே பதில்.
- சங்கக்கடைக்காரர்: முன்பக்கம் தருவாராம், ஏழாம் பக்கம் தரமாட்டாராம்.
- ஒரு வீட்டில் மனைவி கணவனுக்குச் சோறு போட்டுக்கொண்டே: "நான் செத்தால் நீரும் உப்பிடி ரெண்டு வரி எழுதுவீரோ?" கணவன் என்னைப் பார்த்த பார்வை!
- வல்வெட்டித்துறையிலிருந்து முப்பத்தோராம் நாளுக்கு வந்த ஒரு குடும்பம் இரண்டு கல்வெட்டைக் கையோடு கொண்டுபோய்விட்டதாம். இதைச் சொன்னவன் சிரித்துக்கொண்டே சொன்னான்.

வல்வெட்டித்துறை. ஓம், எங்கே போகவேண்டுமோ அங்கேதான் போயிருக்கிறது.

உயிரோடு இருக்கிறவளுக்குப் புலம்பல் பாடினால் அவளுக்கு ஆகாதாம். பக்கத்து வீட்டுக்காரி சொன்னா. மூட நம்பிக்கை என்றேன். பிறகு கோயிலுக்குப் போய் அவள் பெயரில் அருச்சனை.

மாசி 25, செவ்வாய்

கடிதம். பூ.வின் கையெழுத்து. உறையைக் கிழிக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். அப்படியே இதில் எழுதி வைக்கிறேன். மூலக் கடிதத்தை நான் எங்கே வைப்பேன் என்று எனக்கே தெரியாது.

"இஞ்சேருங்கோ,

நான் சாகேல்லை. முதலாவது அது. நேற்றுச் சந்தையிலை உங்கடை பக்கத்து மனிசி ஒருத்தி என்னைக் கண்டு மீனைப் போட்டிட்டு ஓடினவ. இரண்டாவது, மச்சம் வலக்காதுக்குக் கீழை. இருபத்தெட்டு வருஷம். மூன்றாவது, உப்பில்லாக் கறியெண்டு நீங்கள் சொல்லிச் சிரிச்சது எனக்கு அப்பவே தெரியும்.

நான் குறட்டைக்குப் பயந்து வந்தவள் எண்டு ஊர் கதைக்குதாம். குறட்டை கேட்டால் நான் நல்லாய் நித்திரை கொள்ளுவன். அது நிக்கேக்கைதான் எழும்புறனான். அது நிண்டால் உங்கடை மூச்சும் நிக்கும். நான் எண்ணுவன். பத்து, பதினைஞ்சு, சில நேரம் இருபது. பிறகு நெஞ்சிலை கை வைச்சு உலுப்புவன். நீங்கள் ஒரு இழுவை இழுத்துப்போட்டுத் திரும்பவும் துவங்குவியள். நான் அடுத்ததுக்குக் காவல். எத்தினை வருஷம் எண்டு கேட்டால் எண்ணேல்லை. உப்பை மறந்தது அதாலைதான். ஆடிக்கூழ் காய்ச்சேக்கை நிண்டபடி தூங்கிக் கையைச் சுட்டனானெல்லே, அண்டைக்கு நினைச்சன், இந்தக் கையிலை பச்சைப் பிள்ளையை வாங்கேலாது எண்டு. அதுதான் சரோவை அங்கை கூப்பிடாமல் நான் இஞ்சை வந்தது. உங்களுக்குச் சொன்னால் படுக்கப் பயப்பிடுவியள். இல்லாட்டிப் பகிடி பண்ணுவியள். இரண்டையும் எனக்குப் பாக்கேலாது.

இஞ்சை நல்லாய் நித்திரை கொள்ளுறன். கறிக்கு உப்பும் சரியாம், மருமகன் சொல்லுறார். இப்ப என்னை வரச் சொல்லிக் கேளாதேங்கோ. கேட்டால் வந்திடுவன்.

ஆவணியிலையிருந்து உங்களை ஆர் உலுப்பிறது எண்ட யோசினைதான். முதுகுக்குப் பின்னாலை ஒரு பனங்கொட்டையைத் துவாயிலை முடிஞ்சு இடுப்போடை கட்டிக்கொண்டு படுங்கோ. மல்லாந்தால் குத்தும். போயாவுக்கு இஞ்சை வாங்கோ. வந்து பகலிலை நித்திரை கொள்ளுங்கோ. பகலெண்டால் நான் முழிச்சிருப்பன். எண்ணுவன்."

மாசி 25, அதே நாள், பின்னேரம்

கந்தோருக்குப் போகவில்லை. லீவுக் கடிதமும் இல்லை.

ஆடிக்கூழ். நினைவிருக்கிறது. அவள் கை பொக்களித்தது. மறுநாள் கந்தோரில் நான் சொன்னது: "எங்கடை வீட்டிலை கூழுக்கு உப்புப் பாக்கிறது கையை விட்டுத்தான்." செல்லத்துரை சிரித்தான். சபைத் தலைவர் சிரித்தார். நான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தேன்.

அவள் மறதிகளை வைத்து நான் செய்த பகிடிகளை எழுதிப் பார்த்தேன். பதினேழு நினைவு வந்தது. கவனம் கெட்டவன் என்கிறேன், இது மட்டும் ஒன்றும் தப்பவில்லை. பதினேழும் என் மூச்சு செய்த வேலை. ஊருக்கு வருஷத்தில் ஒரு சிவராத்திரி. அவளுக்கு எத்தனை?

"கேட்டால் வந்திடுவன்." இந்த இரண்டு சொல்லை எத்தனை தரம் வாசித்தேன். கேட்கத்தான் வாய் துடிக்கிறது. ஒரு தபாலட்டை போதும், "வாரும்" என்று ஒரு சொல். அடுத்த நாளே பெட்டியோடு பஸ்ஸில் ஏறிவிடுவாள், அன்றிரவே காவல் தொடங்கிவிடும். கேட்கக்கூடாது. இவ்வளவு ஆசையாக இருக்கும்போது கேட்காமல் இருக்க எனக்குப் பழக்கம் இல்லை.

மச்சம்: அவளுக்கு வலம். எதிரே படுத்துப் பார்க்கிறவனுக்கு அது இடம்தான். இதைக் கடிதத்தில் எழுத வெட்கம்.

மாசி 27, வியாழன்

பனங்கொட்டை இரண்டாம் நாள். முதல் நாள் துவாயை முன்பக்கம் கட்டிவிட்டேன். இப்போது சரி. மல்லாந்தால் பூ. குத்துகிற மாதிரியே குத்துகிறது, பேச்சு மட்டும் இல்லை. காலையில் வாய் கொஞ்சம் ஈரம். கள்ளு இல்லை. இரண்டு நாளாகப் பதிவேட்டில் நாய் நாயாகவே இருக்கிறது.

செல்லத்துரை: "ஐயா இண்டைக்கு உள்ளுக்கை இருக்கிறியள்."

முழுக்க இல்லை. பதினொரு மணிக்கு ஒரு தரம் வெளியே போய் வந்தேன். ஆனால் போனது தெரிந்தது.

மாசி 30, ஞாயிறு. போயா.

வல்வெட்டித்துறை. சரோ வீடு. இரண்டு பஸ் மாறி வந்தேன். இரண்டிலும் நின்றுகொண்டு வந்தேன். இருந்தால் பருத்தித்துறையில்தான் எழும்பியிருப்பேன்.

வெயில். கடல் காற்று. வீட்டுக்கு நேர் முன்னே பஸ் தரிப்பு. இறங்கும்போதே பூ. முற்றத்தில் குழந்தையோடு. உடம்பு வைத்திருக்கிறாள். கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு இல்லை. அது அவளுடைய நிறம் என்றே இவ்வளவு காலம் நினைத்திருந்தேன்.

"வாங்கோ" என்றாள். "மெலிஞ்சு போனியள்" என்றாள். பொய். குழந்தையை நீட்டினாள். நான் கையை எடுக்கவில்லை. "இரண்டு பஸ் வந்த களை, எனக்கு என்னை நம்பேலாது" என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். பாயில் இருக்கச் சொல்லி, மடியில் வைத்து, தன் கையையும் எடுக்காமல் பிடித்துக்கொண்டாள். பேத்தி என் மூக்கைப் பிடித்தது.

சாப்பாடு. கத்தரிக்காய்க் குழம்பு, முருங்கையிலை வறை. உப்பு சரி. மருமகன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் ஏதாவது பகிடி விடுவேன் என்று. நான் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டேன்.

இப்போது ஒரு மணி. உள்ளறையில் பாய் விரித்துத் தலையணை போட்டிருக்கிறாள். யன்னலைப் பாதி சாத்தினாள். பக்கத்தில் முருங்கையிலைக் காம்பு ஆய்கிற சுளகு. ஆய்ந்துகொண்டே எண்ணுவாளாம். வீடு முழுக்கத் தெரிகிறது, கிளாக்கர் நித்திரை கொள்ள வந்திருக்கிறார் என்று. சரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

சொல்ல நினைத்தவை: பதினேழு பகிடி. ஆடிக்கூழ். லாச்சிக்குள் கிடக்கிற கடிதம். "முதுகிலை ஒரு இடம் எட்டுதில்லை" என்று மட்டும் சொன்னேன். "எனக்குத் தெரியும்" என்றாள்.

"கடைசி பஸ் எத்தினை மணிக்கு?" என்று இப்போது கேட்கிறாள். நாளைக்குக் கந்தோர். கடைசி பஸ் ஐந்தரைக்கு. இறங்கும்போதே கொண்டக்டரிடம் கேட்டு வைத்தேன்.

"ஆறரைக்கு" என்றேன்.

ஆவணியிலிருந்து இந்த வாசலில் நின்று ஒவ்வொரு பஸ்ஸையும் பார்க்கிறவள். என்னைப் பார்த்தாள். சுளகைக் கிட்ட இழுத்தாள்.

"சரி, ஆறரைக்கு எழுப்புறன். எழுதினது போதும், படுங்கோ."